மேலே ஓடாது, கீழே ஓடும்

சின்னக்கானலில் ஒரு கம்ப்யூட்டர் கிளம்ப மறுத்தால் அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு பக்கம் போகலாம். ஒரு பக்கம் மூணாறு. மறு பக்கம் பூப்பாறை, போடிமெட்டு தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால் போடிநாயக்கனூர். உறவும் பேச்சும் கீழே இருப்பதால் தேயிலைத் தோட்டத்துத் தமிழர்கள் பலருக்குப் போடிதான் பழக்கம். கேபினட்டைப் போர்வையில் சுற்றி ஜீப்பில் ஏற்றி இறக்குகிறார்கள். கடைக்காரர் மேஜை மேல் வைத்து ஒயரைச் சொருகி பொத்தானை அழுத்துகிறார். விசிறி சுழல்கிறது, திரை வெளிச்சமாகிறது. "ஒண்ணுமில்லையே அண்ணே, நல்லாத்தானே ஓடுது." மறுபடி வளைவுகள் ஏறி வீட்டில் கொண்டுவந்து வைத்தால், பழைய மௌனம்.

மலையில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன கதை. பேய் வேலை என்று சிலர் சொல்வதும் உண்டு. பேயைக் கூப்பிடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. கீழே ஓடுவது மேலே ஓடவில்லை என்றால், கோளாறு இருக்கும் இடத்தைப் பற்றி நமக்கு மிக நல்ல துப்பு கிடைத்துவிட்டது என்றுதான் பொருள். மெக்கானிக்குகள் இதை ஏனோ பயன்படுத்திக்கொள்வதில்லை.

கீழே போகாத பொருட்கள் என்னென்ன? வீட்டு பிளக், வீட்டு எக்ஸ்டென்ஷன் பலகை, வீட்டு யு.பி.எஸ்., வீட்டு மானிட்டர், அவற்றை இணைக்கும் ஒயர்கள். கடையில் இருப்பவை எல்லாம் கடைக்காரருடையவை. ஆகவே முதல் சந்தேகம் வீட்டில் விட்டுவிட்டுப் போன பொருட்கள் மீதுதான் விழ வேண்டும். அதிலும் யு.பி.எஸ். முதல் குற்றவாளி. அதனுள் இருக்கும் ஈய அமில பேட்டரி இரண்டு மூன்று வருடங்களில் கிழடாகிவிடும். விளக்கு எரியும், பீப் சத்தம் கேட்கும், ஆனால் கம்ப்யூட்டர் கேட்கிற நேரத்தில் கரண்ட் கொடுக்காது. யு.பி.எஸ்.ஸை ஒதுக்கிவிட்டு, சுவரில் உள்ள பிளக்கில் நேராகச் சொருகிப் பாருங்கள். ஓடினால் ஜீப் வாடகை மிச்சம்.

இன்னொரு எளிய வைத்தியம். ஒயரைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானை முப்பது விநாடி விடாமல் அழுத்துங்கள். உள்ளே தங்கியிருக்கும் மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிவிட்டு இதையே செய்யுங்கள். பிறகு ஒயரைச் சொருகிக் கிளப்பிப் பாருங்கள். மந்திரம் போலத் தோன்றும். மின்சாரம் திடீரென்று போய் வந்ததில் குழம்பி நிற்கிற மதர்போர்டு இதில் பல முறை தெளிந்துவிடும்.

மின்சாரம் என்றதும் ஒரு முரணைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேரளத்தின் முதல் நீர்மின் திட்டமான பள்ளிவாசல், 1940ல் இந்த மூணாறு மலையில்தான் ஓடத் தொடங்கியது. சின்னக்கானலை ஒட்டிய ஆனையிறங்கல் அணையின் தண்ணீர் பன்னியாறு மின் நிலையத்துக்குப் போகிறது. இங்கே பிறந்த மின்சாரம்தான் கம்பியேறி ஊரெல்லாம் சுற்றிவிட்டு, மரக்கிளை முறிந்தால் தடுமாறி, மழை வந்தால் இருமி, கடைசியில் மலை வீட்டுக்கு வந்து சேருகிறது. நீண்ட கம்பியின் கடைசி வீடுகளில் மாலை நேரத்தில் வோல்டேஜ் சரிவது சகஜம்.

கம்ப்யூட்டரின் பின்பக்கம் விசிறியுடன் இருக்கும் பெட்டிக்கு எஸ்.எம்.பி.எஸ். என்று பெயர். வீட்டு மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டுகளாக உடைத்துக் கொடுப்பது அதன் வேலை. இப்போது வருகிற நல்ல பெட்டிகள் 100லிருந்து 240 வோல்ட் வரை எதையும் தாங்கும். பழைய பெட்டிகளிலும் மலிவானவற்றிலும் 115, 230 என்று எழுதிய சிறு சிவப்பு சுவிட்ச் இருக்கும். நம் நாட்டில் அது 230ல் இருக்க வேண்டும். குழந்தைகள் விளையாட்டாக 115க்குத் தள்ளிவிட்டால், அடுத்த முறை சுவிட்ச் போடும்போது வெடிச் சத்தம் கேட்கும், வாடை வரும், கதை முடியும்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பெட்டியை மட்டும் வீட்டில் திறக்காதீர்கள். 230 வோல்ட் என்று நாம் சொல்வது ஒரு கணக்கு. உச்சத்தில் அது 325 வோல்ட்டைத் தொடுகிறது. அந்த உச்சத்தைத்தான் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர் சேமித்து வைக்கிறது. ஒயரைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அது அங்கேயே இருக்கலாம். கடைக்காரர் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு கம்பியால் இணைத்து எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தனியாகச் சோதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது வெளியே வரும் பக்கம், அங்கே ஆபத்து குறைவு. உள் பக்கம் வேறு சமாசாரம்.

கெபாசிட்டர் என்றதால் குளிருக்கு வருவோம். மூணாறு பகுதியில் ஜனவரி இரவுகள் பூஜ்யம் டிகிரியைத் தொடுவது உண்டு. "காலையில எத்தன தரம் அமுக்கினாலும் வராது, பத்து மணிக்கு மேல வெயில் ஏறினா வந்துடும்" என்று ஒருவர் சொன்னால், அதைக் கேலி செய்யக் கூடாது. அது மிகச் சரியான நோய்க்குறிப்பு. கெபாசிட்டருக்குள் ஒரு திரவம் இருக்கிறது. வயதாக ஆக அது வற்றுகிறது. வற்றிய கெபாசிட்டர் குளிரில் இன்னும் சோம்பேறியாகி, கிளம்பும்போது தேவைப்படும் கரண்ட்டை ஒரேயடியாகக் கொடுக்க முடியாமல் திணறுகிறது. சூடு ஏறினால் சமாளிக்கிறது. போடியின் வெயிலில் அது ஆரோக்கியமாகத் தெரிவதற்கும் இதுவே காரணம். மேலே நோயாளி, கீழே பயில்வான். இப்படிப்பட்ட இயந்திரத்தை மத்தியானம் கடையில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பதில் பயன் இல்லை.

மதர்போர்டில் சின்னச் சின்ன டப்பாக்கள் போல நிற்கும் கெபாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, பழுப்பு நிறத்தில் ஏதாவது கசிந்திருந்தாலோ அது முடிந்துவிட்டது. இதில் ஒரு சரித்திரமே உண்டு. 1999ல் தொடங்கி சில ஆண்டுகள், தரமற்ற திரவம் நிரப்பிய கெபாசிட்டர்கள் உலகெங்கும் மதர்போர்டுகளில் ஏறிவிட்டன. லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்கள் இரண்டு மூன்று வயதில் படுத்தன. தன் ஆப்டிபிளெக்ஸ் இயந்திரங்களைச் சரிசெய்வதற்காக மட்டும் 2005ல் டெல் நிறுவனம் 30 கோடி டாலரை ஒதுக்க வேண்டியிருந்தது. பன்னாட்டு நிறுவனத்தையே ஆட்டிவைத்த பொருளின் விலை சில ரூபாய். சாலிடரிங் தெரிந்தவர் மாற்றித் தருவார். ஆனால் "போர்டே போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்பது கடைக்குச் சுலபமான பதில்.

அடுத்தது ஈரம். மூடுபனி ஜன்னல் வழியே உள்ளே வந்து உட்காரும் ஊர் இது. தூசு மட்டும் இருந்தால் கம்ப்யூட்டர் பொறுத்துக்கொள்ளும். தூசும் ஈரமும் சேர்ந்தால் மதர்போர்டு மேல் மின்சாரம் கசியும் ஒரு பசை உண்டாகிறது. ராம் எனப்படும் நினைவுப் பலகையின் தங்க நிறப் பற்களிலும், அது உட்காரும் பள்ளத்திலும் மெல்லிய படலம் படிகிறது. விசிறி ஓடும், திரை கறுப்பாக இருக்கும், சில கம்ப்யூட்டர்கள் நீளமாக பீப் அடிக்கும். பீப் என்பது இயந்திரத்தின் முனகல். எத்தனை முறை, எவ்வளவு நீளம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஆகவே மதர்போர்டின் பெயரைக் குறித்துக்கொண்டு அதன் கையேட்டில் பாருங்கள். இப்போதைய போர்டுகள் பலவற்றில் பீப்புக்குப் பதில் நான்கு சிறு விளக்குகள் இருக்கின்றன. எது அணையாமல் நிற்கிறதோ அங்கே கோளாறு.

ராமுக்கு வைத்தியம் பள்ளிக்கூடப் பையில் இருக்கிறது. பென்சில் ரப்பர். ஒயரைப் பிடுங்கி, ஒரு இரும்புச் சாமானைத் தொட்டுவிட்டு, ராமைக் கழற்றி அந்தப் பற்களை மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதாமல் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்திப் பொருத்துங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் போய்ச் சேரும். போடிக்குப் போன சில கம்ப்யூட்டர்கள் வழியிலேயே குணமாவதன் ரகசியமும் இதுதான். 17 வளைவுகளின் குலுக்கலில் ராம் கொஞ்சம் அசைந்து தானாகவே தொடர்பு கிடைத்துவிடுகிறது. திரும்பி வந்து இரண்டு நாள் பனியைக் குடித்ததும் பழைய குருடி கதவைத் திறக்கிறாள்.

மின்னல் வேறு ரகம். அது ரப்பரால் தேய்த்துச் சரியாகிற காரியமல்ல. மின்னலைப் பேரிடர்களின் பட்டியலில் சேர்த்திருக்கும் மாநிலம் கேரளம். ஏப்ரல், மே மாதங்களிலும், துலா மழை பெய்யும் அக்டோபர், நவம்பரிலும் மத்தியானத்துக்கு மேல் இடி இறங்குகிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டேனே, பிறகு எப்படிப் போச்சு என்று கேட்பவர்கள் உண்டு. பழைய டெலிபோன் கம்பி, கேபிள் டி.வி. ஒயர், ரவுட்டரிலிருந்து வரும் நெட் ஒயர், எல்லாமே மின்னலுக்கு வாசல்தான். ஃபைபர் இழையில் மின்சாரம் ஓடாது என்பது உண்மை. ஆனால் அந்த ரவுட்டருக்கும் ஒரு பிளக் இருக்கிறதே. ஆகவே கம்ப்யூட்டரின் பிளக், மானிட்டரின் பிளக், நெட் ஒயர் மூன்றையும் கழற்றுவதுதான் கழற்றுவது. சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு நிம்மதியாக இருப்பது வேண்டாம். பல்லாயிரம் மீட்டர் காற்றைத் தாண்டி வந்த மின்னலுக்கு சுவிட்ச்சுக்குள் இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளி ஒரு பொருட்டல்ல.

மூன்று முள் பிளக்கின் மேல் முள்ளை உடைத்துவிட்டுச் சொருகுகிற பழக்கமும் நம்மிடம் உண்டு. அதுதான் எர்த். பாறை நிலத்தில் எர்த் குழி சரியாக வேலை செய்வதே சிரமம். உப்பும் கரியும் போட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றிப் பராமரிக்க வேண்டும். அந்த முள்ளையும் உடைத்துவிட்டால், கேபினட்டைத் தொட்டவுடன் சுருக்கென்று இழுக்கிறதே, அது உங்களுக்குத் தருகிற தகவல்.

மணிக்கணக்கில் இதை எழுதுவதற்குக் காரணம் இயந்திரத்தின் மேல் உள்ள பாசம் அல்ல. மலையில் ஒரு கம்ப்யூட்டர் ஓடாவிட்டால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. 2002ல் மலப்புரத்தில் தொடங்கிய அக்ஷயா மையங்கள் இன்று கேரளம் முழுக்க இருக்கின்றன. சான்றிதழ், உதவித்தொகை, ஓய்வூதியம், நிலவரி என்று எதற்கும் அங்கேதான் போக வேண்டும். கொழுந்து பறிக்கிற ஒரு பெண் மகளின் உதவித்தொகைக்கு மனுப்போட வந்தால், அன்றைய கூலி இல்லை. மையத்தில் கம்ப்யூட்டர் ஓடவில்லை என்றால் இன்னொரு நாள் கூலியும் இல்லை. ஒரு நாள் கூலி 232 ரூபாயாக இருந்ததை எதிர்த்து 2015 செப்டம்பரில் மூணாறு சாலையில் பொம்பிளை ஒருமைப் பெண்கள் நாள்கணக்கில் உட்கார்ந்தது நினைவிருக்கும். அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான் அது 301 ஆனது. அதற்குப் பின் இன்னும் உயர்ந்திருக்கிறது என்றாலும், 'சிஸ்டம் கிளம்பல, நாளைக்கு வாங்க' என்ற வார்த்தையின் விலை அந்தப் பெண்களுக்குத் தெரியும்.

இதில் ஒரு வேடிக்கை, கம்ப்யூட்டர் நன்றாகக் கிளம்பியும் வேலை நடக்காமல் போவது. மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய பேட்டரி இருக்கிறது. பெயர் ஸி.ஆர். 2032. கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது செத்துவிட்டால் ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் தேதி பத்து, பதினைந்து வருடம் பின்னால் போகிறது. அரசாங்க இணையதளத்தைத் திறந்தால் 'பாதுகாப்பற்றது' என்று திரை அலறுகிறது. தளத்தின் சான்றிதழ் இந்த வருடத்தியது, கம்ப்யூட்டரோ இன்னும் பழைய வருடத்தில் இருக்கிறது. நெட் சரியில்லை, சர்வர் டவுன் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். திரையின் மூலையில் இருக்கும் தேதியை யாரும் பார்ப்பதில்லை. சில போர்டுகள் இந்தப் பேட்டரி செத்தால் கிளம்பவே மறுப்பதும் உண்டு.

இனி மென்பொருள். விண்டோஸ் சின்னம் வந்து அங்கேயே நின்றுவிட்டால், அல்லது நீலத் திரை விழுந்தால், இயந்திரத்தின் உடம்பு பெரும்பாலும் சரி, மனம்தான் சரியில்லை. உலகமே இந்த மனக்கோளாறில் படுத்த நாட்கள் உண்டு. 1999 ஏப்ரல் 26ந் தேதி, ஸி.ஐ.எச். என்ற வைரஸ் கண்விழித்தது. செர்னோபில் விபத்து நடந்த தேதியும் அதுவே என்பதால் அந்தப் பெயரும் ஒட்டிக்கொண்டது. தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் எழுதியது. ஹார்ட் டிஸ்கின் தொடக்கத்தை அழித்ததோடு, மதர்போர்டின் பயாஸ் சிப்பிலும் குப்பையை எழுதியது. கம்ப்யூட்டரை எழுப்புகிற முதல் வார்த்தையே மறந்துபோனதால் ஆசிய நாடுகளில் லட்சக்கணக்கான இயந்திரங்கள் ஊமையாகின. கால் நூற்றாண்டு கழித்து 2024 ஜூலை 19. இந்த முறை வைரஸ் இல்லை, வைரஸைத் தடுக்கிற கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய ஒரு கோளாறான ஃபைல். மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டில் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் கிளம்ப முடியாமல் நீலத் திரையில் நின்றன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். மருந்து என்ன? இயந்திரத்தை சேஃப் மோடில் எழுப்பி அந்த ஒரு ஃபைலை அழிப்பது. யாரும் ஹார்ட் டிஸ்கை ஃபார்மேட் செய்யச் சொல்லவில்லை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கடைக்குக் கொண்டுபோனதும் வருகிற முதல் வார்த்தை: "ஃபார்மேட் பண்ணிடலாமா?" பழக்கதோஷத்தில் நாமும் சரி என்று தலையாட்டுகிறோம். பட்டா நகல், கல்யாணப் போட்டோக்கள், கடையின் கணக்கு, பத்து வருட மனுக்களின் ஸ்கேன் எல்லாம் அந்தத் தலையாட்டலில் போய்விடும். ஃபார்மேட் என்பது வைத்தியம் இல்லை. வீட்டில் எலி என்பதற்காக வீட்டை இடிப்பது போல. சில சமயம் இடித்துத்தான் ஆக வேண்டும் என்பதை மறுக்கவில்லை. சாமான்களை வெளியே எடுத்துவிட்டு இடிக்கலாமே என்பதுதான் கேள்வி. கேட்காமலே அழித்துவிட்டு 'ஃபுல் சர்வீஸ்' என்று பில் போடுகிற கடைக்காரரை என்னால் மெக்கானிக் என்று சொல்ல முடியாது.

சாமான்களை வெளியே எடுக்கும் வழி, இந்த மலைப் பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கேரளப் பள்ளிகள் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டத்தின் காலத்திலேயே விண்டோஸைவிட்டு இலவச மென்பொருளுக்கு வந்துவிட்டன. 2017ல் அந்தத் திட்டம் 'கைட்' என்ற நிறுவனமானது. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸை அது இலவசமாகவே வழங்குகிறது. உயர்நிலைப் பள்ளிகளில் 2018லிருந்து 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்கள் இருக்கின்றன, அவற்றில் ஹார்டுவேரும் ஒரு பாடம். ஒரு பென்டிரைவில் இந்த லினக்ஸை ஏற்றி, அதிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பினால் ஹார்ட் டிஸ்கில் இருக்கும் விண்டோஸ் தேவையே இல்லை. உள்ளே இருக்கும் ஃபைல்களைப் பார்த்து வேறொரு டிஸ்கில் நகல் எடுத்துக்கொள்ளலாம். இதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் செய்வார்கள். அப்பாவின் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது என்று போடி வரை தூக்கிக்கொண்டு போகிற வீட்டிலேயே, பென்டிரைவும் கையுமாக அந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்கலாம்.

ஒரே இடைஞ்சல், பிட்லாக்கர் என்ற பூட்டு. புதிய விண்டோஸ் 11 இயந்திரங்கள் பலவற்றில் நம்மைக் கேட்காமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது. 48 இலக்கச் சாவி இல்லாமல் லினக்ஸாலும் திறக்க முடியாது. கிரவுட்ஸ்டிரைக் நாளில் பெரிய கம்பெனிகளே அந்தச் சாவியைத் தேடி அலைந்தன. வீட்டு இயந்திரம் என்றால் அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிந்திருக்கும். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும் இன்றைக்கே அதை ஒரு நோட்டில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கிற இடத்தில் வைத்துவிடுங்கள்.

ஹார்ட் டிஸ்கிலிருந்து 'டிக் டிக்' என்று ஒரே சீராகச் சத்தம் வந்தால் மேற்சொன்ன எதையும் செய்யாதீர்கள். உடனே அணைத்துவிடுங்கள். உள்ளே ஊசி தட்டுத் தடுமாறுகிறது. ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் கொஞ்சம் அழிகிறது. எஸ்.எஸ்.டி. என்றால் அந்தச் சத்தமும் வராது, சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும்.

இவ்வளவுக்குப் பிறகும் கீழே போகத்தான் வேண்டும் என்றால், ஹார்ட் டிஸ்கைக் கழற்றிப் பழைய துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கேபினட்டைப் படுக்கப் போடுங்கள், மதர்போர்டு இருக்கும் பக்கம் கீழே இருக்கட்டும். நிற்க வைத்தால் வளைவுகளில் பிராசஸர் மேல் இருக்கும் கனமான விசிறி ஆடி ஆடி போர்டைப் பிடுங்கும். டிஸ்கைக் கடைக்காரரிடம் கொடுக்கிறபோது அதன் மேல் அச்சடித்த எண்ணையும், 'அழிக்கக் கூடாது' என்ற இரண்டு வார்த்தையையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். உங்கள் வீட்டு பவர் கேபிள், மானிட்டர் கேபிள், முடிந்தால் எக்ஸ்டென்ஷன் பலகையையும் எடுத்துப் போய், அவற்றைச் சொருகியே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். காலையில் கடை திறந்ததும், வெயில் ஏறுவதற்கு முன்பு.